அளவு: பண்பா, உடைமையா? – ஸ்பானிய மொழியின் நீட்டலளவைத் தொடர்களை முன்வைத்து ஒரு கருத்துரை

ஆய்வுச் சுருக்கம்

உயரம், அகலம், ஆழம் முதலிய அளவுகளை எண்ணிட்டுக் கூறும்போது ஸ்பானிய மொழி அவற்றைப் பொருளின் பண்பாகக் கொள்ளாது பொருளின் உடைமையாகக் கொள்கிறது. தமிழின் போக்கும் பெரிதும் இதுவே. ஆயினும் ஸ்பானியத்தை ஆங்கிலத்தின் வழியாகவே அணுகும் பழக்கத்தால் இவ்வொற்றுமை நம் கண்ணில் படுவதில்லை. அயல்மொழிகளை விளக்கத் தமிழ் இலக்கணக் கலைச்சொற்களையே நேரடிக் கருவியாகக் கொள்ள வேண்டும் என்பதை இவ்வளவுத்தொடர்களைச் சான்றாக வைத்து இக்கருத்துரை வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: நீட்டலளவை, அளவுத்தொடர், கிழமைப்பொருள், பண்புத்தொகை, ஸ்பானியம், ஒப்பிலக்கணம்

முன்னுரை

ஒப்பிலக்கண ஆர்வத்தால் ஸ்பானிய மொழியைக் கற்கத் தொடங்கிய காலத்தில் நான் எழுதிய பயிற்சித் தொடர் ஒன்று இக்கருத்துரைக்குக் காரணமாயிற்று. 'மேசை இரண்டு மீட்டர் நீளமுடையது' என்பதை 'லா மேசா எஸ் தோஸ் மேத்ரோஸ் லார்கா' என எழுதினேன். ஆசிரியர் அதனை அடித்துவிட்டு, 'லா மேசா தியேனே தோஸ் மேத்ரோஸ் தே லார்கோ' எனத் திருத்தினார். 'எஸ்' என்பது 'ஆகும்' எனப் பொருள்படும் வினை. 'தியேனே' என்பது 'உடையது' எனப் பொருள்படும் வினை. நான் மேசையை 'இரண்டு மீட்டர் நீண்டதாக' ஆக்கியிருந்தேன். ஸ்பானியம் மேசைக்கு இரண்டு மீட்டர் நீளத்தை உடைமையாக்கியது.

பிழை நேர்ந்தது எவ்வாறு என எண்ணிப் பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று. நான் தமிழிலிருந்து ஸ்பானியத்திற்குச் செல்லவில்லை; இடையில் ஆங்கிலத்தில் நின்று சென்றிருந்தேன். அளவுப்பெயரை அடையின் முன் வைத்து 'டூ மீட்டர்ஸ் லாங்' என்பது ஆங்கில வழக்கு. அதனையே ஸ்பானியச் சொற்களால் நிரப்பியிருந்தேன். 'இரண்டு மீட்டர் நீளமுடையது' என்னும் என் தாய்மொழித் தொடரையே பற்றிச் சென்றிருந்தால் பிழை நேர்ந்திராது. ஒரு மாணவரின் பயிற்சிப் பிழை அற்பமானதுதான். ஆனால், அயல்மொழியை அளக்க நாம் எந்தக் கோலைக் கையில் எடுக்கிறோம் என்ற வினாவை அது எழுப்புகிறது. அவ்வினா அற்பமானதன்று.

ஸ்பானிய அளவுத்தொடரின் அமைப்பு

ஸ்பானியத்தில் ஒரு பொருளின் அளவைக் கூற மூன்று வினைகள் பெருவழக்காக உள்ளன. முதலாவது 'தெனேர்' (உடைத்தாதல்). இரண்டாவது 'மெதீர்' (அளவிடுதல், அளவுடையதாதல்). மூன்றாவது 'செர்' (ஆதல்). இவற்றுள் மூன்றாவது அளவுப்பெயரோடு வருமிடத்துத் 'தே' என்னும் முன்னிடைச்சொல்லைத் துணையாகக் கொள்ளும். 'தே' என்பதன் தலையாய பணி தமிழின் ஆறாம் வேற்றுமைப் பணியை ஒத்தது. ஆதல்வினை வந்தவிடத்தும் அளவு நேரே பயனிலையாகாமல் கிழமைச்சொல் ஒன்றின் துணையோடு வருவது நோக்கத்தக்கது.

அளவும் அதன் பெயரும் அமையும் முறை இருவகைப்படும். 'த்ரேஸ் மேத்ரோஸ் தே ஆல்த்தோ' என எண்ணளவு முன்னும் பரிமாணச்சொல் பின்னும் வருவது ஒன்று. 'ஊனா அல்தூரா தே த்ரேஸ் மேத்ரோஸ்' எனப் பரிமாணப்பெயர் முன்னும் எண்ணளவு பின்னும் வருவது மற்றொன்று. முதல்வகையில் 'ஆல்த்தோ' (உயரம்), 'ஆன்ச்சோ' (அகலம்), 'லார்கோ' (நீளம்) ஆகியன இயல்பாக வரும். 'அல்தூரா', 'அன்ச்சூரா', 'லொன்ஹிதூத்' என்னும் முழுப்பெயர்கள் இருவகையிலும் வரும்.

இங்கே இலக்கண நோக்கில் இன்றியமையாத செய்தி ஒன்று உண்டு. 'லார்கோ' என்பது அடிப்படையில் பெயரடை. ஸ்பானியப் பெயரடை தான் தழுவும் பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்பத் திரியும். 'மேசா' பெண்பாற் பெயராதலின் 'நீண்ட மேசை' என்பது 'மேசா லார்கா' என்றே வரும். ஆயின் 'தோஸ் மேத்ரோஸ் தே லார்கோ' என்னுமிடத்து மேசையே எழுவாயாயினும் 'லார்கா' என்று வருவதில்லை. அளவு கூறுமிடத்து அச்சொல் அடையாக நில்லாது பெயராகிவிட்டது என்பதற்கு இத்திரியாமையே சான்று. என் பிழைத்தொடரில் 'லார்கா' என்று பால் பொருந்த எழுதியிருந்தேன். பொருத்தம் சரியே, பொருத்தம் வேண்டாத இடத்தில் அதனை வைத்ததே தவறு.

ஆயினும் அளவுப்பெயர் பெயரடையோடு நேரே சேரும் இடம் ஒன்று ஸ்பானியத்தில் உண்டு. அது உறழ்ச்சி. 'இம்மேசை மற்றதைவிட இரண்டு மீட்டர் நீளமானது' என்னும் பொருளில் 'எஸ்தா மேசா எஸ் தோஸ் மேத்ரோஸ் மாஸ் லார்கா கே லா ஓத்ரா' என்பது வழுவற்ற தொடர். ஆதல்வினையும் வந்தது, அடையும் பால் பொருந்தித் திரிந்தது. ஒரு பொருளின் முழு அளவைக் கூறப் பெயர், இரு பொருள்களின் வேறுபாட்டைக் கூற அடை என்னும் பாகுபாடு இதனால் புலப்படும்.

தமிழ் இலக்கண மரபின் ஒளியில்

இப்பாகுபாட்டைத் தமிழ் இலக்கணக் கலைச்சொற்களால் விளக்குவது எளிது என்பது மட்டுமன்று. அவற்றால் விளக்கும்போதுதான் அது துலக்கமாகிறது. தொல்காப்பியம் பண்புத்தொகையை விளக்குமிடத்து வண்ணம், வடிவு, சுவை ஆகியவற்றோடு அளவையும் பண்பாக எண்ணுகிறது. நெடுங்கோல், குறுங்கோல் போல்வன அவ்வகைய. அதே வேளையில் ஆறாம் வேற்றுமையின் கிழமைப்பொருளை விளக்கும் உரையாசிரியர்கள் நிலத்தின் அகலத்தை அதற்கு எடுத்துக்காட்டாகத் தருவர். ஐந்தாம் வேற்றுமையின் ஒப்புப்பொருள் வரிசையிலும் அளவு இடம்பெறுகிறது. ஆக, ஒரே அளவு பண்பாகவும், உடைமையாகவும், உறழ்ச்சிக்கு நிலைக்களமாகவும் மூன்றிடங்களில் வைத்து எண்ணப்பட்டுள்ளது.

இதனைக் கூறியது கூறல் எனக் கருதுவது பிழை. எண்ணிடப்படாத அளவு பண்பு. எண்ணிடப்பட்ட அளவு உடைமை. இரு பொருள்களின் இடையே காணப்படும் அளவு உறழ்ச்சி என்று கொண்டால் மூன்றிடமும் பொருளுடையனவாகும். 'நெடிய மேசை' என்பது இயல்பு. 'இரண்டு மீட்டர் நெடிய மேசை' என்பது தமிழன்று. 'இரண்டு மீட்டர் நீளமுடைய மேசை' என்றே கூறுவோம். ஆயின் 'அதனினும் இரண்டு மீட்டர் நெடியது' என்பது தமிழே. ஸ்பானியத்தில் கண்ட மூவகை நிலையும் இங்கே அப்படியே அமைந்திருத்தல் காண்க. இவ்வொற்றுமை இரு மொழிகளுக்கும் உறவு காட்டுவதன்று. அளவு பற்றிய ஒரு பாகுபாட்டை இரு மொழிகளும் தத்தம் வழியில் வடிவப்படுத்தியுள்ளன என்பதே இதன் பொருள்.

'இரண்டு மீட்டர் நீளமான மேசை' என்ற வழக்கு இக்கருத்துக்கு முரணாகாதா என வினவலாம். 'நீளமான' என்பது 'நீளம்' என்னும் பெயரோடு 'ஆன' சேர்ந்து அடையாயிற்று. எண்ணளவு தழுவுவது உள்ளிருக்கும் பெயரையேயன்றி அடை முழுவதையுமன்று. ஆதலின் அதுவும் பெயர்வழி அமைப்பே.

இனி, வேறுபாடுகளையும் மறைத்தலாகாது. தமிழின் நீளம், அகலம், உயரம், ஆழம் ஆகிய நான்கும் நீள், அகல், உயர், ஆழ் என்னும் வினையடிகளிலிருந்து தோன்றியவை. இதனால் 'மதில் பத்தடி உயர்ந்தது' என வினையாகக் கூறின் அது முன்னைய நிலையினும் பத்தடி கூடியது என்னும் பொருளைத் தந்துவிடும். 'மதில் பத்தடி உயரம்' எனின் முழு அளவைத் தரும். ஸ்பானியச் சொற்களோ பெயரடைவழிப் பிறந்தவை. மேலும் 'கிணறு நாற்பதடி ஆழம்' என வினைச்சொல் இன்றியே பெயர்ப் பயனிலையால் தொடரை முடிக்கத் தமிழுக்கு இயலும், ஸ்பானியத்திற்கு இயலாது. அங்கே 'உடையது' என்னும் வினையோ 'தே' என்னும் கிழமைச்சொல்லோ வந்தே தீர வேண்டும்.

இவ்வேறுபாடு நமக்கே ஒரு வினாவைத் திருப்பித் தருகிறது. 'கிணறு நாற்பதடி ஆழம்' என்பதில் உள்ள பயனிலை யாது? தொல்காப்பியம் கூறும் அறுவகைப் பயனிலையுள் அது பண்புகொள வருதலா, பெயர்கொள வருதலா? 'உடையது' என்பது தொக்கதா, அன்றி 'ஆழம்' என்பது ஆழமுடைய பொருளுக்கு ஆகி வந்ததா? அளவும் நிறையும் ஆகுபெயராக வருதலைத் தொல்காப்பியம் உடன்படுகிறது. நன்னூலும் அளவையை ஆகுபெயர் வகைகளுள் வைக்கிறது. என் கருத்தில் இது 'உடையது' தொக்க தொடரே. கிணற்றையும் ஆழத்தையும் ஒன்றெனக் கொள்ளும் எண்ணம் பேசுவோனிடம் இல்லை. ஸ்பானியம் வெளிப்படையாகக் கூறும் உடைமையைத் தமிழ் தொக்குக் கூறுகிறது. மாற்றுக் கருத்துடையோர் இருக்கலாம். ஆயினும் இவ்வினாவைக் கூர்மைப்படுத்த அயல்மொழியின் நேரடி ஒப்பீடு உதவியது என்பதில் ஐயமில்லை.

வினாத்தொடர்களிலும் இவ்வுண்மையைக் காணலாம். 'எவ்வளவு உயரம்?' எனத் தமிழ் அளவு வினாச்சொல்லைப் பெயரோடு சேர்க்கிறது. ஸ்பானியமும் 'குவாந்தோ மீதே தே ஆல்த்தோ?' (உயரத்தில் எவ்வளவு அளவுடையது?) என்றோ 'கே அல்தூரா தியேனே?' (என்ன உயரம் உடையது?) என்றோ வினவுகிறது. இலத்தீன் அமெரிக்க நாடுகளில் 'கே தான் ஆல்த்தோ எஸ்?' என அடையோடு சேர்த்து வினவும் வழக்கும் உண்டு. எனினும் விடை கூறும்போது அங்கும் பெயர்வழி அமைப்பே மீண்டும் வந்துவிடுகிறது.

ஆழம் என்னும் சிக்கல்

மூன்று பரிமாணங்களுள் மிகுந்த கவனத்தை வேண்டுவது ஆழம். ஸ்பானியத்தில் 'ஓந்தோ', 'ப்ரொஃபுந்தோ' என ஆழமானதைக் குறிக்கும் அடைகள் இரண்டு. இரண்டும் ஒரே இலத்தீன் மூலத்தின் வழிவந்தவை. முன்னது மக்கள் நாவில் தேய்ந்து மாறியது. பின்னது ஏட்டுவழக்காக இலத்தீனிலிருந்து மீண்டும் பெறப்பட்டது. அளவு கூறுங்கால் 'தே ப்ரொஃபுந்திதாத்' என்பதே பெருவழக்கு.

ஆனால் அலமாரியின் அளவைக் கூறுமிடத்து வேறொரு சொல் வருகிறது. 'ஆல்த்தோ, ஆன்ச்சோ, ஃபோந்தோ' என்பது அங்கே வழங்கும் வரிசை. 'ஃபோந்தோ' என்பது அடி, பின்புறம் எனப் பொருள்படும். அலமாரியின் முன்பக்கத்திலிருந்து பின்பலகை வரையுள்ள அளவு அது. கிணற்றின் ஆழத்தையும் அலமாரியின் இவ்வளவையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கும். ஆங்கிலத்தின் வழியே பெயர்ப்பவர் இங்கே 'ஆழம்' என்று எழுதிவிடக்கூடும். தமிழில் ஆழம் மேலிருந்து கீழ்நோக்கியது. அலமாரிக்கு நீளம், அகலம், உயரம் என்றே நாம் அளவு கூறுவோம். ஸ்பானியர் 'ஃபோந்தோ' என்பதை நம் தச்சர் அகலம் என்பார். மேசை, அலமாரி என்னும் இவ்விரு சொற்களும் போர்ச்சுக்கீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தவை என்பதும், ஸ்பானியத்தில் அவை 'மேசா', 'அர்மாரியோ' என வழங்குகின்றன என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன. ஐபீரியப் பொருள்கள் தம் பெயரோடு வந்தன. அவற்றை அளக்கும் முறையோ நம்முடையதாகவே நின்றது.

உயரத்திற்கும் ஆழத்திற்கும் உள்ள உறவும் சுவையானது. 'ஆல்த்தோ' என்பதன் மூலமான இலத்தீன் 'அல்துஸ்' உயர்ந்தது, ஆழ்ந்தது என்னும் இருபொருளையும் உடையது. ஸ்பானியத்தில் உயரப்பொருளே நிலைத்தது. ஆயினும் கரை காணாத கடலைக் குறிக்கும் 'ஆல்த்தா மார்' என்னும் தொடரில் பழைய ஆழப்பொருளின் எச்சம் உள்ளது. சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'உயர்கடல்' என்பது பொருந்தாது. ஆழ்கடல் என்னும் நம் சொல்லே அதன் பழம்பொருளுக்கு அணுக்கமானது.

இடத்தின் உயரமும் பொருளின் உயரமும் வேறு என்பதையும் ஸ்பானியம் வினையால் வேறுபடுத்தும். பெரு, பொலிவியா நாடுகளுக்கிடையே உள்ள தித்திகாக்கா ஏரியைக் கூறுமிடத்து, கடல்மட்டத்திற்கு மேல் 3812 மீட்டர் உயரத்தில் 'இருக்கிறது' என்பதற்கு 'எஸ்தார்' என்னும் நிலைவினையும், ஏறத்தாழ 280 மீட்டர் ஆழத்தை 'உடையது' என்பதற்குத் 'தெனேர்' வினையும் வரும். தமிழில் 'உயரத்தில்' என்னும் ஏழாம் வேற்றுமை முன்னதற்குரிய பணியைச் செய்கிறது. கடல்மட்ட உயரத்திற்கு 'அல்தித்தூத்', மனிதரின் உயரத்திற்கு 'எஸ்ததூரா' எனத் தனிச்சொற்களும் உண்டு. ஆளின் உயரத்தைக் கூறும்போது பரிமாணச்சொல்லே வேண்டுவதில்லை. 'மீதே உன் மேத்ரோ செத்தேந்தா' (ஒரு மீட்டர் எழுபது அளவுடையவர்) என்றாலே போதும்.

எண் எழுதும் முறையும் ஆய்வாளர் கவனத்திற்குரியது. ஸ்பெயினில் பதின்மப் பின்னத்தைக் காற்புள்ளியால் பிரிப்பது மரபு. ஒரு மீட்டர் எழுபது என்பது 1,70 ஆகும். ஆயிரத்தைப் புள்ளியால் பிரித்து 3.812 என எழுதும் பழைய வழக்கு இன்னும் பல நூல்களில் உள்ளது. மெக்சிகோவிலோ பின்னத்திற்குப் புள்ளியே வழங்குகிறது. நூல் எந்நாட்டில் அச்சானது என்று நோக்காமல் எண்ணைப் பெயர்த்தால் மூவாயிரத்து எண்ணூறு மீட்டர், நான்கு மீட்டரினும் குறைந்துவிடும்.

உடலே அளவுகோல்

ஸ்பெயின் 1849ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீட்டர் முறையை ஏற்றது. அதற்கு முன்னைய நூல்களில் 'பாரா', 'பியே', 'பால்மோ', 'கோதோ', 'பிராசா', 'ஹேமே' முதலிய அளவுப்பெயர்களே மிகுதி. 'பாரா' என்பதன் பொருள் கோல். அதுவே நீட்டலளவைக்கும் பெயராயிற்று. தமிழில் கோல் என்பதும் அவ்வாறே. 'பியே' அடி, 'கோதோ' முழங்கை, அதன்வழி முழம், 'பால்மோ' சாண். இரண்டு 'பால்மோ' ஒரு 'கோதோ' ஆவதும், இரண்டு சாண் ஒரு முழம் ஆவதும் ஒத்த கணக்கு. இரு கைகளையும் நீட்டிய அளவான 'பிராசா' நம் மாருக்கு இணை. பெருவிரல் நுனியிலிருந்து சுட்டுவிரல் நுனி வரையுள்ள 'ஹேமே'க்கு ஒட்டை என்னும் தமிழ்ச்சொல் அகராதியில் உறங்குகிறது. இவை கடன்பெற்ற ஒற்றுமைகளல்ல. மனித உடல் எங்கும் ஒன்றாயிருப்பதால் விளைந்தவை.

ஸ்பானிய மொழிப் புனைகதைகள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே தமிழுக்கு வந்துள்ளன. அவ்வழியில் 'பாரா' கெஜமாக மாறக்கூடும். காஸ்தீலிய 'பாரா' ஏறத்தாழ 83.6 செ.மீ.; கெஜம் 91.44 செ.மீ. நூறு 'பாரா' நீளமுள்ள தெரு கெஜக் கணக்கில் ஏறத்தாழ எட்டு மீட்டர் நீண்டுவிடும். கதைக்கு அதனால் பெருங்கேடு இல்லை எனலாம். ஆனால் முழமும் சாணும் ஒட்டையும் கையில் உள்ள ஒரு மொழி, மூலத்தின் உடலளவைகளைத் தன் உடலளவைகளால் நேரே அறியும் வாய்ப்பை இழப்பது கேடுதான்.

முடிவுரை

ஆங்கிலவழி ஒப்பீட்டின் பயனை நான் மறுக்கவில்லை. ஸ்பானிய இலக்கண நூல்கள் பலவற்றை நானும் ஆங்கிலத்தின் துணையோடுதான் கற்றேன். ஆங்கிலத்திலும் பெயர்வழி அளவுத்தொடர் உண்டு என்பதும் அறிந்ததே. ஆனால் துணை என்பது வேறு. அளவுகோல் என்பது வேறு. ஆங்கிலத்தில் எது இயல்போ அதுவே மொழிக்கு இயல்பு என்றும், அதனின்று விலகும் ஸ்பானிய அமைப்பு 'விதிவிலக்கு' என்றும் நம் மாணவர் மனனம் செய்கின்றனர். தமிழை அளவுகோலாகக் கொண்டால் அவ்விதிவிலக்கே விதியாகத் தோன்றும். விலகி நிற்பது ஆங்கிலத் தொடர் என்பதும் அப்போது விளங்கும்.

எனவே மூன்று பணிகள் உடனடித் தேவை எனக் கருதுகிறேன். முதலாவது, இக்காலத் தமிழின் அளவுத்தொடர்களைத் தனித்தலைப்பாகக் கொண்டு விளக்குதல். மரபிலக்கணத்தில் வேற்றுமை, தொகை, ஆகுபெயர் எனச் சிதறியுள்ள செய்திகளைத் தொடரமைப்பு நோக்கில் ஒருங்கு தொகுத்தாலே அதற்கு அடித்தளம் கிடைத்துவிடும். இரண்டாவது, ஸ்பானியம் கற்கும் தமிழ் மாணவருக்குத் தமிழ்த் தொடர்களிலிருந்தே தொடங்கும் சிற்றிலக்கணம் ஒன்றை ஆக்குதல். கிழமை, உறழ்ச்சி, தொகை என்னும் சொற்கள் அதற்குப் போதிய கருவிகள். மூன்றாவது, நேரடி மொழிபெயர்ப்பில் ஈடுபடுவோர்க்கு அளவுப்பெயர்களின் இணைச்சொற்பட்டியல் ஒன்றைத் தமிழ்த்துறைகள் தொகுத்தளித்தல்.

தமிழ் இலக்கணம் தமிழை மட்டுமே விளக்க வல்லது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஒரு மேசையின் நீளத்தைக் கூறும் ஸ்பானியத் தொடரை விளக்கத் தொல்காப்பியரின் கிழமைப்பொருள் எனக்கு உதவியதைப் போல வேறு எந்தப் பாடநூலும் உதவவில்லை. அக்கருவி பிற மொழிகளின் முன்னும் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை எடுத்து அளந்து பார்த்தே அறிய வேண்டும்.